கையும் கையெழுத்தும்

எங்கம்மாவுக்கு இடது காலில் பெருவிரல் இல்லை. 2023 கார்த்திகை மாசம் எடுத்துவிட்டார்கள். முழங்காலுக்குக் கீழே மொத்தமாகப் போயிருக்க வேண்டியது, விரலோடு நின்றது. யார் காப்பாற்றியது என்று ஆஸ்பத்திரிக் காகிதத்தைப் பார்த்தால் அதில் ஒரு டாக்டர் பெயர் இருக்கிறது. அம்மாவைக் கேட்டால் அவள் வேறு ஒரு ஆளைச் சொல்கிறாள். இரண்டும் பொய் இல்லை. ஆனால் காகிதத்தில் ஏறிய பெயருக்கும் அம்மா வாயில் வருகிற பெயருக்கும் நடுவில் ஒரு கேள்வி கிடக்கிறது. இத்தனை நாளாக அது என்னை விடவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஊர்ப் பெயரையும் ஆஸ்பத்திரிப் பெயரையும் எழுதப்போவதில்லை. விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு சின்ன டவுன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பஸ் ஸ்டாண்டு, ஒரு மார்க்கெட் கமிட்டி, நாலு தனியார் ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டைச் சுற்றி மருந்துக்கடைகள். சுத்துப்பட்டு கிராமங்களுக்கெல்லாம் அதுதான் டவுன். எங்கள் காலனியிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். பெயரை எழுதினால் டாக்டர் யார் என்று தெரிந்துவிடும். என் சண்டை ஒரு டாக்டரோடு இல்லை.

முதலில் புண் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். எங்கம்மா செருப்பு போடத் தொடங்கியதே நாற்பது வயசுக்கு மேல்தான். அவள் வாழ்க்கைப்பட்டு வந்த காலத்தில் காலனிக்காரர்கள் ஊர்த்தெருவில் செருப்போடு நடக்க முடியாது. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போய், தெரு தாண்டியபிறகு போட்டுக்கொள்ள வேண்டும். எதற்கு இந்தச் சனியன் என்று பல பேர் வாங்குவதேயில்லை. இப்போது யாரும் கழற்றச் சொல்வதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. ஊர்த்தெரு முனை வந்ததும் அவள் கால் தானாகச் செருப்பை விட்டுவிடும். ஒன்பது வருஷமாகச் சர்க்கரை வேறு. பாதம் மரத்துப் போய்விட்டது. களை எடுத்துவிட்டு வரும் வழியில் கருவேல முள் ஏறியிருக்கிறது. அவளுக்குத் தெரியவில்லை. ராத்திரி வாசலில் ரத்தம் பார்த்துவிட்டு, பூனை எதையோ கொண்டுவந்து போட்டிருக்கிறது என்று கழுவிவிட்டாளாம்.

டாக்டரிடம் கூட்டிப்போனேன். டோக்கன் வாங்கி ரெண்டரை மணி நேரம் உட்கார்ந்தோம். உள்ளே ரெண்டு நிமிஷம். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். "ஊரா, காலனியா?" என்றார். காலனி என்றேன். மேசைக்கு அந்தப் பக்கத்தில் இருந்தபடியே காலை எட்டிப் பார்த்தார். மாத்திரை எழுதினார். "செருப்பு போட்டு நடக்கணும். சொன்னா கேக்கமாட்டீங்க" என்றார். மூன்று நாளைக்கு ஒருமுறை கட்டு மாற்றச் சொன்னார். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள்.

அவர் சாதி பார்த்தார் என்று நான் சாட்சி சொல்லமாட்டேன். வெளியே கூட்டம் நிறைய. மனுஷனுக்குக் களைப்பு இருக்கும். எங்களுக்கு முன்னால் போனவர் மார்பில் அவர் ஸ்டெதாஸ்கோப் வைத்ததைக் கதவு இடுக்கில் பார்த்தேன். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. நமக்கு எப்போதும் அதற்கு மேல் தெரிவதில்லை. இன்றைக்குத் தீண்டாமை வேலை செய்வது பெரும்பாலும் அந்தத் தெரியாத இடத்தில்தான். தொட்டால் தீட்டு என்று யாரும் சொல்வதில்லை. தொடாமலே வேலை முடிந்துவிடுகிறது.

மூன்று வாரம் போயிற்று. அன்றைக்கு யார் சும்மா இருந்தார்களோ அவர்கள் கட்டு மாற்றினார்கள். விரல் நுனி கறுத்தது. அப்போது அந்த ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்குகிற எங்கள் அத்தை ஒருத்தி, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு ரகசியமாகச் சொன்னாள். "டேய், இவங்ககிட்ட காட்டாத. மாடியில அசிஸ்டென்ட் ஒண்ணு இருக்குது, வார்டு பாக்குற பொண்ணு. நம்ம பொண்ணுதான். அதுகிட்ட காட்டு."

மாடிக்குப் போனோம். "பெரியம்மா" என்று எழுந்து வந்தாள். பின்னாலிருந்த என்னைப் பார்த்ததும் அவள் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. என் முகமும் அப்படித்தான் ஆகியிருக்கும்.

*

அவளை எனக்குத் தெரியும். எங்கள் காலனியிலிருந்து நாலாவது கிலோமீட்டரில் இருக்கிற காலனி. 2018இல் பிளஸ் டூ முடித்தவள். 1200க்கு ஆயிரத்துக்கு மேல் வாங்கியிருந்தாள். நீட்டில் வரவில்லை. அதற்கு முந்தின வருஷம்தான் அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா, 1176 மார்க் வாங்கியும் டாக்டர் ஆக முடியாமல், உச்ச நீதிமன்றம் வரை போய்விட்டு வந்து, செப்டம்பர் 1ஆம் தேதி உயிரை விட்டாள். எங்கள் டவுன் பஸ் ஸ்டாண்டு முன்னால் நாங்கள் கூட்டம் போட்டோம். நான் மேடையில் பேசினேன். நன்றாகப் பேசினேன் என்று சொன்னார்கள்.

அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் இந்தப் பெண் அடுத்த வருஷம் தன் அப்பாவோடு என்னைத் தேடி வந்தாள். பாராமெடிக்கல் கவுன்சலிங்குக்கு மனு நிரப்ப வேண்டும். பி.எஸ்சி. பிசிசியன் அசிஸ்டென்ட் படிக்கப்போகிறேன் என்றாள். பிளஸ் டூ மார்க்கை வைத்துச் சேர்க்கிறார்கள், நீட் வேண்டாம், பயிற்சியோடு சேர்த்து நாலு வருஷம்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அசிஸ்டென்ட்டா? நம்ம ஜனம் ஆயிரம் வருஷமா அசிஸ்டென்ட்டாத்தானம்மா இருக்குது. நாம கேக்குறது டாக்டர் சீட்டு. நீ போயி அவங்க குடுக்குற எடுபிடி வேலையில உக்காந்துட்டா, போராடுறது எதுக்கு? இன்னொரு வருஷம் நீட் எழுது" என்றேன். எம்.ஏ. தமிழ் படித்த வாய். அதோடு நிற்கவில்லை, அரைமணி நேரம் பேசினேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "சரிண்ணே. கோச்சிங்குக்குப் பணம் யாரு கட்றது?"

எனக்குப் பதில் இல்லை. மனுவை வேறு யாரிடமோ நிரப்பிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டாள். அஞ்சு வருஷம் கழித்து எங்கம்மா காலைத் தூக்கிக்கொண்டு அவளிடமே போய் நிற்கிறேன்.

*

அவள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். கையைக் கழுவினாள். அம்மாவைக் கட்டிலில் படுக்கவைத்தாள். பழைய கட்டைப் பிரித்து, துணியை மூக்குப் பக்கம் கொண்டுபோய் மோந்து பார்த்தாள். புறங்காலில் ரெண்டு விரலை வைத்து அழுத்தி, எதையோ எண்ணுகிற மாதிரி இருந்தாள். ரத்த ஓட்டம் அங்கே வருகிறதா என்று பார்த்தாளாம். இந்தக் காலில் பார்த்துவிட்டு அந்தக் காலிலும் பார்த்தாள். பஞ்சைத் திரித்து நுனியால் பாதத்தில் அங்கங்கே தொட்டு, "தெரியுதா பெரியம்மா? இங்க? இங்க தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அம்மா பாதி இடத்தில் தெரியவில்லை என்றாள். பிறகு உறை போட்டுக்கொண்டு சலைனால் கழுவினாள்.

கழுவிக்கொண்டே கேட்டாள். "பெரியம்மா, செருப்ப எங்க கழட்டுன?"

"நாட்டாமக்காரர் வூட்டு முனையில" என்றாள் அம்மா.

டாக்டர், "செருப்பு போட்டு நடக்கணும்" என்றார். அது சரியான வைத்தியம்தான். எந்தப் புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கும். இவள் செருப்பு ஏன் போடவில்லை என்று கேட்கவில்லை. எங்கே கழற்றினாய் என்று கேட்டாள். அந்தக் கேள்வி எந்தப் புத்தகத்திலும் இருக்காது. ஊர்த்தெருவில் தானும் செருப்பைக் கழற்றிப் பள்ளிக்கூடம் போனவளுக்குத்தான் அது வரும். நோய் எங்கே தொடங்கியது என்று அந்த ஒரு கேள்வியில் கண்டுபிடித்துவிட்டாள். முள் ஏறிய இடம் பாதம்தான். ஆனால் நோய் தொடங்கிய இடம் நாட்டாமைக்காரர் வீட்டு முனை.

அதிலிருந்து ரெண்டு நாளைக்கு ஒருதரம், வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் எங்கள் காலனியில் இறங்கிக் கட்டு மாற்றிவிட்டுப் போனாள். அவள் வந்தது தெரிந்ததும் நாலு பேர் வந்துவிடுவார்கள். "ஒரு ஊசி போடு பாப்பா", "எனக்கு ஒரு மாத்திர எழுதிக் குடேன்" என்பார்கள். மாட்டேன் என்பாள். "நான் எழுதக்கூடாது சித்தப்பா. எனக்கு அந்த உரிம கெடையாது. டாக்டர் சொல்றதத்தான் நான் செய்யலாம். வாங்க, எங்க போவணும்னு சொல்றேன்" என்பாள். பக்கத்துக் கிராமத்தில் ஒரு போலி டாக்டர் கேட்டவருக்கெல்லாம் ஊசி போட்டு மோட்டார் பைக் வாங்கிவிட்டான். இவள் நாலு வருஷம் படித்துவிட்டு முடியாது என்கிறாள். ஜனங்களுக்குக் கோபம்கூட வந்தது. 'இன்னாத்துக்குப் படிச்சுது இது?' என்றார்கள்.

எங்கம்மா மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. பிசிசியன் அசிஸ்டென்ட் என்பதைச் சுருக்கிப் பி.ஏ. என்று அவள் சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டு அம்மா என்னிடம் சொன்னாள். "அது பி.ஏ. படிச்சிருக்குதாம். நீ எம்.ஏ.வு. ஒன்னவிட ஒரு படி கம்மிதான். ஆனா அதுக்கு வேல தெரியுது."

*

இப்போது கேள்விக்கு வருகிறேன். முழு டாக்டர் வராத இடத்துக்கு அவருக்கு ஒரு படி கீழே இருக்கிற ஒருவரை அனுப்புவது நியாயமா? அதை நாம் வாங்கிக்கொள்ளலாமா?

எங்கள் தோழர்களிடம் இதற்கு ரெண்டு பதில் இருக்கிறது. ஒருவர் சொல்கிறார்: சாகக் கிடக்கிறவனுக்குக் கௌரவம் பேசாதே, கிடைத்த கையைப் பிடி. இன்னொருவர் சொல்கிறார்: நமக்குக் கொடுத்ததெல்லாம் எப்போதும் ரெண்டாம் தரம்தான். தனிக் கிணறு, தனி டம்ளர், தனிச் சுடுகாடு, இப்போது தனி டாக்டர். ரெண்டும் உண்மை. அதனால்தான் இது லேசான கேள்வி இல்லை.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம். மனுவின் நூல், வைத்தியனிடம் சோறு வாங்கித் தின்னக்கூடாது என்று விலக்கிவைத்திருக்கிறது. காரணம், அவன் சீழையும் ரத்தத்தையும் தொடுகிறவன். அறிவைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார்கள். கை அழுக்கானால் ஆள் கீழ். எங்கள் பாட்டி ஊர்த்தெரு வீடுகளில் பிரசவம் பார்த்தவள். கொல்லைப்புறம் வழியாகப் போவாள். கொடி அறுத்து, குழந்தையைக் குளிப்பாட்டிக் கொடுத்துவிட்டு, அதே கொல்லைப்புறம் வழியாக வருவாள். அவள் போனபிறகு அந்த இடத்தைக் கழுவிவிடுவார்கள். குழந்தையின் உடம்பில் முதலில் பட்ட கை அவளுடையது. அந்தக் குழந்தை வளர்ந்து அவளை எட்ட நில் என்று சொல்லும்.

பிறகு வெள்ளைக்காரனின் மருத்துவக் கல்லூரி வந்தது. படிப்பு வந்தது, சம்பளம் வந்தது, மரியாதை வந்தது. அதில் சேர மேல்சாதிக்காரர்களுக்கு ஒரு தடை இருந்தது. பிணத்தைத் தொட வேண்டும். 1836இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா பிணத்தில் கத்தி வைத்ததை ஒரு புரட்சியாக இன்றும் எழுதுகிறார்கள். இருக்கட்டும், அவருக்கு அது துணிச்சல்தான். ஆனால் பிணத்தைத் தூக்கியும் அறுத்தும் புதைத்தும் வந்த ஜனங்களுக்கு அப்படி ஒரு வருஷம் சரித்திரத்தில் கிடையாது. அவர்கள் தொட்டது தொழில். இவர் தொட்டது அறிவு.

அந்தப் பிளவு இன்றைக்கும் எங்கே நன்றாகத் தெரியும் என்றால் அரசாங்க ஆஸ்பத்திரிப் பிணவறையில் தெரியும். போலீஸ் கேசில் செத்த நம் ஆட்களின் உடம்பை வாங்க அந்த வாசலில் நின்றவர்களுக்குத் தெரியும். உள்ளே கத்தி பிடிக்கிற கை பெரும்பாலும் நம்முடையதாக இருக்கும். அறிக்கையில் போடுகிற கையெழுத்து டாக்டருடையது. கை ஒருவருடையது, கையெழுத்து இன்னொருவருடையது. அம்பேத்கர் 1936இல் சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டும் இல்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்து ஒருவருக்குக் கீழ் ஒருவராக அடுக்கிவைப்பது என்று எடுத்துக்காட்டினார். அதைப் படித்துப் புரியாதவர்கள் பிணவறை வாசலில் ஒருநாள் நின்றால் போதும்.

ஆனால் நாம் எப்போதும் வெறும் கையாகவே இருந்தோம் என்று சொல்வதும் பொய். அயோத்திதாச பண்டிதர் சித்த வைத்தியர். 1907இல் பத்திரிகை தொடங்கியவரும் அவர்தான், நாடி பிடித்து மருந்து கொடுத்தவரும் அவர்தான். ஒரே ஆளிடம் கையும் இருந்தது, கையெழுத்தும் இருந்தது. ரெண்டையும் பிரித்தது இயற்கை இல்லை.

சரி, ஒரு படி கீழான டாக்டர் என்பது புதுசா? இல்லை. எல்.எம்.பி. என்று ஒரு படிப்பு இருந்தது. பட்டம் இல்லை, உரிமம். வயசானவர்களைக் கேளுங்கள், எல்.எம்.பி. டாக்டர் என்று பழைய ஊர்களில் ஒருவரை நினைவு வைத்திருப்பார்கள். சென்னையில் ராயபுரம் மருத்துவப் பள்ளி அதைச் சொல்லிக்கொடுத்தது. 1938இல் அதுதான் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி ஆயிற்று. சுதந்திரத்துக்கு முன் இந்தியாவில் பதிவு செய்த டாக்டர்களில் பாதிக்கு மேல் இப்படி உரிமம் பெற்றவர்கள்தான். ஜோசப் போர் தலைமையில் அமைத்த குழு 1946இல் அறிக்கை கொடுத்தது. நாட்டுக்கு ஒரே வகை டாக்டர் போதும், எல்லோருக்கும் முழுப் படிப்பு என்று பெரும்பான்மை உறுப்பினர்கள் சொன்னார்கள். சிலர் மாறுபட்டார்கள். கடைசியில் எல்.எம்.பி. படிப்பு எடுபட்டுப் போயிற்று.

கேட்க நன்றாக இருக்கிறது. கிராமத்தானுக்கு மட்டும் ஏன் குறைந்த டாக்டர்? நாமே அப்படித்தான் சொல்லியிருப்போம். நடந்தது என்ன? குறைந்த டாக்டர் போனார், முழு டாக்டர் வரவில்லை. அவர் நகரத்தில் இருந்துவிட்டார். சமத்துவம் சட்டத்தில் இருந்தது, கிராமத்துக்குப் போலி டாக்டர் வந்தான்.

2019இல் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் வந்தபோது, அதன் 32ஆம் பிரிவு, மருத்துவத்தோடு தொடர்புடைய படிப்புப் படித்தவர்களுக்குக் கட்டுப்பட்ட அளவில் வைத்தியம் பார்க்க உரிமம் தரலாம் என்றது. டாக்டர்கள் சங்கம் தெருவுக்கு வந்தது. ஏழைகளுக்கு அரைகுறை வைத்தியமா என்று கேட்டார்கள். நம்முடைய கேள்விதான். ஆனால் நம் வாயிலிருந்து வரும்போது அதற்கு ஒரு அர்த்தம், அவர்கள் வாயிலிருந்து வரும்போது வேறு அர்த்தம். அவர்களும் வரமாட்டார்கள், வருகிறவரையும் விடமாட்டார்கள். கோயில் நந்தவனத்தில் தானும் பூ பறிக்காமல் பிறத்தியாரையும் பறிக்கவிடாத தர்மகர்த்தா கதை இது.

பிசிசியன் அசிஸ்டென்ட் என்கிற பெயர் அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே 1965இல் வட கரோலினா மாநிலத்தில் டியூக் பல்கலைக்கழகத்தில் யூஜின் ஸ்டெட் என்ற டாக்டர் இந்தப் படிப்பைத் தொடங்கினார். கடற்படையில் காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் செய்து பழகிய நாலு பேர் முதலில் சேர்ந்தார்கள். இது எல்லோரும் எழுதுகிற சரித்திரம். அதற்கு முன்னால் ஒரு ஆள் இருக்கிறார். அதே மாநிலத்தில் கார்லண்ட் என்கிற சின்ன டவுன். அங்கே ஏமஸ் ஜான்சன் என்ற வெள்ளை டாக்டர். அவரிடம் உதவியாளாகச் சேர்ந்தவர் பட்டி டிரெட்வெல் என்கிற கறுப்பு மனிதர். ஜான்சன் அவருக்கு ஒவ்வொன்றாகக் கற்றுக்கொடுத்தார். டாக்டர் வெளியூர் போனாலும் வேலை நிற்காத அளவுக்கு அவர் கற்றுக்கொண்டார். ஸ்டெட் யோசித்த படிப்புக்குப் பின்னால் இந்த உதாரணமும் இருந்தது. கறுப்பருக்குத் தனி வாசல், தனிக் குழாய் என்று இருந்த நாட்டில், வெள்ளைக்காரர் உடம்பையும் அறிந்து வைத்தியம் செய்த ஒரு கறுப்புக் கை. கல்லூரி வாசல் அதற்கு மூடியிருந்தது. நான் அவரைப் பற்றிப் படித்தபோது கொல்லைப்புறம் வழியாகப் போய்வந்த எங்கள் பாட்டி ஞாபகம் வந்தாள்.

அங்கே டாக்டர் பஞ்சத்துக்குப் பிறந்த வேலை இது. இன்றைக்கு அங்கே அவர்கள் மருந்துச் சீட்டு எழுதுகிறார்கள். சின்ன டவுன்களில் பல பேருக்கு முதலில் பார்க்கிற ஆளே அவர்கள்தான். நம் நாட்டுக்கு வந்தபோது வழி மாறிவிட்டது. இங்கே 1992இல் சென்னையில் தொடங்கியபோது இதய அறுவை சிகிச்சை செய்கிற பெரிய டாக்டர்களுக்குக் கை கொடுக்கத்தான் ஆள் எடுத்தார்கள். கிராமத்துக்கு அனுப்ப இல்லை. அப்புறம் படிப்பு பரவியது, 2021இல் வந்த சட்டம் மருத்துவம் சார்ந்த தொழில்களின் பட்டியலில் இவர்களுக்கும் இடம் கொடுத்தது. அதே 2021இல் தமிழ்நாட்டு அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கி, சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் வீட்டுக்கே மாத்திரை கொடுத்தனுப்பியது. எங்கம்மாவுக்கும் வருகிறது, நல்ல காரியம். மாத்திரை வீட்டைத் தேடி வந்தது. பாதத்தைத் தொட்டுப் பார்க்கப் படித்த கை ஒன்று அதே டவுனில், தனியார் ஆஸ்பத்திரி மாடியில், கொத்தனார் சித்தாள் கூலிக்குச் சமமான சம்பளத்தில் உட்கார்ந்திருந்தது.

*

என் பதிலைச் சொல்கிறேன். முடிவான பதில் என்று சொல்லவில்லை, இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன்.

ஒரு படி கீழான வைத்தியர் என்பதே அநீதி இல்லை. எல்லா வேலையிலும் படி உண்டு. அது வேலைப் பிரிவினையா சாதியா என்று பார்க்க ரெண்டு கேள்வி கேட்டால் போதும். ஒன்று: இந்தக் கை எல்லார் உடம்பையும் தொடுகிறதா, நம் உடம்பை மட்டும்தானா? கலெக்டர் அம்மாவின் காலையும் இதே பெண்தான் முதலில் பார்ப்பாள் என்றால் அது ஏற்பாடு. காலனிக்கு மட்டும் அசிஸ்டென்ட், ஊர்த்தெருவுக்கு டாக்டர் என்றால் அது தனி டம்ளர். ரெண்டு: இந்தக் கைக்குக் கையெழுத்து வரை போக வழி இருக்கிறதா? பத்து வருஷம் வார்டில் நின்றவள் மேலே படித்து டாக்டர் ஆக ஒரு வாசல் வேண்டும். இன்றைக்கு அவள் திரும்பவும் முதல் படியில், பதினேழு வயசுப் பிள்ளைகளோடு நீட் வரிசையில்தான் நிற்க வேண்டும். அவள் கற்றதெல்லாம் அந்த வரிசையில் செல்லாக்காசு. மேலே போக ஏணி இல்லாத படியைத்தான் நாம் சாதி என்கிறோம்.

2018இல் நான் அவளிடம் பேசியதில் பாதி சரி. டாக்டர் சீட்டு நம் உரிமை, அதில் பேரம் இல்லை. மீதிப் பாதி திமிர். மேடையில் நின்றவனுக்குக் கையெழுத்து மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது. கைவேலை என்றால் இழிவு என்று நானும் நினைத்திருக்கிறேன். தொடுகிற கையைக் கீழே வைத்த மனு எனக்குள்ளும் உட்கார்ந்திருந்தான். நம்மைத் தொடாதவர்கள்மேல் அவ்வளவு கோபப்பட்ட நான், தொடுகிற வேலைக்குப் போகாதே என்று ஒரு பெண்ணுக்குச் சொல்லியிருக்கிறேன். இதை எழுதும்போது கூச்சமாக இருக்கிறது.

*

பத்தொன்பதாம் நாள் சாயங்காலம் கட்டைப் பிரித்தவள் பேசவில்லை. புண்ணிலிருந்து புறங்காலுக்குச் சிவப்பு ஏறியிருந்தது. அம்மாவுக்கு ஜுரம். "அண்ணே, இது என் கையில இல்ல. இன்னிக்கு ராத்திரியே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவணும். நாளைக்குன்னு வைக்காதீங்க" என்றாள். அந்த வார்த்தைக்கு அப்புறம் அவள்மேல் எனக்கு மரியாதை இன்னும் கூடிற்று. தனக்குத் தெரியாதது எது என்று தெரிந்திருப்பதும் படிப்புதான். போலி டாக்டரிடம் இல்லாதது அது ஒன்றுதான்.

108க்குப் போன் போட்டோம். அவளும் ஏறிக்கொண்டாள். அங்கே அரசாங்க ஆஸ்பத்திரியில் ராத்திரி டூட்டியில் இருந்த இளம் டாக்டர், சின்னப் பெண், காலைத் தன் கையால் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். விரலை எடுக்க வேண்டும், கால் தப்பிக்கும் என்றார். "கட்டு சுத்தமா போட்டிருக்காங்க, யாரு?" என்று கேட்டார். "எங்க ஊருப் பொண்ணு, பி.ஏ." என்றேன். "பி.ஏ.வா?" என்றார். பக்கத்தில் நின்றவள் விளக்கிச் சொன்னாள். அந்த டாக்டர் அவளிடமே புண்ணின் கதையைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். எத்தனாவது நாள் கறுத்தது, எப்போது ஜுரம், காலில் நாடி எப்படி இருந்தது. ரெண்டு பேரும் குனிந்து ஒரே காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கேட்கிற ஏற்பாடு அந்த அஞ்சு நிமிஷம் அங்கே இருந்தது.

அறுவைக்குச் சம்மதக் காகிதம் வந்தது. அம்மாவுக்குக் கையெழுத்துத் தெரியாது. அவள்தான் அதை வரி வரியாகப் படித்துச் சொன்னாள். விரலை எடுப்பதால் என்ன ஆகும், எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லி, "ஒனக்குச் சம்மதமா பெரியம்மா? நீ சொன்னாத்தான்" என்று கேட்டாள். எங்கம்மாவின் உடம்பைப் பற்றி அவளிடமே யாரோ சம்மதம் கேட்டது அவள் ஆயுசில் அதுதான் முதல் தடவையாக இருக்கும். அம்மா கொஞ்ச நேரம் காலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கட்டைவிரலை நீட்டினாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த காகிதத்தில் நோய், மருந்து, அறுவை, டாக்டர் பெயர் எல்லாம் ஒழுங்காக இருந்தது. பத்தொன்பது நாள் கழுவிய கைக்கு அதில் கட்டம் இல்லை. அதற்கப்புறம் நாற்பது நாள் அவள் வந்து கட்டியதற்கும் காகிதம் கிடையாது. அவள் பெயரை நானாவது எழுதலாம் என்று கேட்டேன். "வேணாம்ணே. வெளியில வைத்தியம் பாக்குறேன்னு சொல்லி வேலய விட்டு எடுத்துடுவாங்க" என்றாள். அதனால் இங்கேயும் அவள் பெயர் இல்லை. இந்தக் கட்டுரைக்கும் கையெழுத்து என்னுடையதாகப் போயிற்று.

கடைசிக் கட்டு பிரித்த அன்று அவள் சொன்னாள். "இனிமே ஊர்த்தெருவுல செருப்ப கழட்டாத பெரியம்மா. யாராச்சும் பாத்தா பாக்கட்டும். இது மருந்து."

மருந்துச் சீட்டு எழுத அவளுக்கு உரிமை இல்லை. ஒன்பது வருஷமாக எந்தச் சீட்டிலும் யாரும் எழுதாத மருந்து அது.

தை மாசம் அம்மா நடக்கத் தொடங்கினாள். நான் கூடப் போனேன். நாட்டாமைக்காரர் வீட்டு முனையில் அவள் கால் ஒரு நிமிஷம் நின்றது, பழக்கம். அப்புறம் செருப்போடேயே நடந்தாள், நொண்டி நொண்டி. திண்ணையில் இருந்த பெரியவர், "என்னா, புதுசா செருப்பெல்லாம்?" என்றார். என் வாயில் ஒரு பெரிய பேச்சு வந்தது. அதற்குள் அம்மா நிற்காமலே பதில் சொல்லிவிட்டாள்.

"டாக்டரு கழட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்குது."